பத்து ரூபாய் ஃபியூஸ், பழைய கார், ஐயாயிரம் ரூபாய் பாடம்: சரியான பாகத்தை எப்படித் தேடி வாங்குறது?



நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு பேசிட்டே இருக்கோம். இன்னைக்கு ஒரு ஃபியூஸைப் பத்திப் பேசப் போறேன். "இதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டீங்கன்னா, கடைசி வரைக்கும் படிங்க. உங்கள்ல நிறைய பேருக்கு முதல் கார், அப்பா ஓட்டின பழைய காராவோ செகண்ட் ஹேண்ட் காராவோதான் இருக்கும். அதுல நீங்க செலவு பண்ற பொருள்லயே ரொம்ப மலிவானது ஃபியூஸ். அதைத் தப்பா வாங்கினா வர்ற பில்லு மட்டும் மலிவா இருக்காது.

சாக்கோட்டையில நடந்தது

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் காரைக்குடி பக்கத்துல சாக்கோட்டை. வீட்டுல 2004 மாடல் சின்ன கார் ஒண்ணு நிக்குது. அப்பா வாங்கினது. சாயங்காலம் நல்ல மழை. காரைக்குடியில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகணும்னு கிளம்பினோம். அப்பா ஓட்டுறாரு, நான் பக்கத்துல, அம்மா பின் சீட்ல.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகல. ஹெட்லைட் மங்கி மங்கி எரியுது. பிளாஸ்டிக் கருகுற வாசனை. டாஷ்போர்டுக்குக் கீழ இருந்து லேசா புகை. அப்பா ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணினாரு. அம்மாவை இறக்கி மழையில நிக்க வச்சுட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டினோம். நல்லவேளை, டூல் கிட்ல ஸ்பேனர் இருந்தது. இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் யோசிக்கப் பிடிக்கல.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தாரு. திறந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு.

"தம்பி, இங்க பாருங்க. மூடியில 15-னு போட்டிருக்கு. உள்ள 30 உட்கார்ந்திருக்கு. பக்கத்துல வைப்பருக்கு ஃபியூஸே இல்லை, சில்வர் பேப்பரைச் சுருட்டி வச்சிருக்காங்க."

அப்பாகிட்ட கேட்டப்பதான் கதை வெளியில வந்தது. ராத்திரியில வெளிச்சம் பத்தலைன்னு 60/55 வாட்ஸ் பல்பை எடுத்துட்டு 100/90 வாட்ஸ் போட்டிருக்காரு. அதுக்கப்புறம் ஹெட்லைட் ஃபியூஸ் அடிக்கடி போயிருக்கு. கடைக்காரர் ஒருத்தர், "15 போட்டா போய்க்கிட்டேதான் இருக்கும், 30 போட்டுடுங்க, அப்புறம் தொந்தரவே இருக்காது"ன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு வருஷம் நிஜமாவே தொந்தரவு இல்ல. அந்த ரெண்டு வருஷமும் ஒயர் உள்ளுக்குள்ள வெந்துட்டு இருந்திருக்கு.

ஃபியூஸ் யாரைக் காப்பாத்துது?

நம்மள்ல பெரும்பாலானவங்க, ஃபியூஸ் பல்பையோ ரேடியோவையோ காப்பாத்துதுன்னு நினைக்கிறோம். அது காப்பாத்துறது ஒயரை. ஒரு ஒயர் எவ்வளவு கரண்ட் தாங்கும்னு பார்த்து, அதுக்குக் கீழ ஒரு ஃபியூஸை கார் கம்பெனி வைக்கிறாங்க. கரண்ட் எல்லை மீறினா ஒயர் எரியறதுக்கு முன்னாடி ஃபியூஸ் உருகிடணும்.

கணக்கு ரொம்ப எளிது. வாட்ஸை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர்.

- 60 வாட்ஸ் பல்பு ரெண்டு: 120 ÷ 12 = 10 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு வசதியான லோடு.
- 100 வாட்ஸ் பல்பு ரெண்டு: 200 ÷ 12 = கிட்டத்தட்ட 16.7 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 14 வரைக்கும் போறதால இன்னும் கொஞ்சம் கூடும்.

எங்க வண்டியில ரெண்டு ஹெட்லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். அப்போ 15 ஆம்பியர் ஃபியூஸ் போனதுல தப்பே இல்ல. அது தன் வேலையைத்தான் செஞ்சிருக்கு. பல்பைத்தான் திரும்ப மாத்தியிருக்கணும். இல்லைன்னா தடிமனான தனி ஒயர், ரிலே, தனி ஃபியூஸோட வர்ற ஹெட்லைட் ரிலே கிட் போட்டிருக்கணும்.

இன்னொரு விஷயம். 15 ஆம்பியர் ஃபியூஸ்னா 15.1 வந்ததும் டப்புனு போயிடாது. இப்போ கார்ல வர்ற பிளேடு ஃபியூஸோட தர விதிப்படி, 10 சதவீதம் அதிகமா போனா குறைஞ்சது 100 மணி நேரம் தாங்கணும். 35 சதவீதம் அதிகமா போனா முக்கால் வினாடியில இருந்து 10 நிமிஷத்துக்குள்ள போகணும். ரெண்டு மடங்கு போனா 5 வினாடிக்குள்ள போயிடணும். அதாவது ஃபியூஸ்ல ஏற்கெனவே கொஞ்சம் விட்டுக்கொடுத்தல் இருக்கு. "ஒரு சைஸ் பெருசா போட்டா என்ன?"ன்னு நாமளும் சேர்ந்து விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏன்னா, ஒயர்ல சூடு கரண்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. 15 இருக்க வேண்டிய இடத்துல 30 போட்டா, அந்த நாலு மடங்கு சூட்டுக்கு நாமளே அனுமதி கொடுத்த மாதிரி. சில்வர் பேப்பர் போட்டா எல்லையே கிடையாது.

முதல் படி: உங்க கார்ல இருக்கிறது எந்த வகை?

பழைய கார்ல குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. மாருதி 800 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரியோட உற்பத்தி நின்னது. அம்பாசிடர் 2014 மே மாசம் நின்னது. ஆனா இந்த வண்டிகள் இன்னும் நம்ம ஊர்ல ஓடிட்டு இருக்கு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்ல சிலதுல அதைவிடப் பழைய வண்டியே நிக்குது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஃபியூஸ் வகை.

1. கண்ணாடி ஃபியூஸ். ரெண்டு பக்கமும் உலோக மூடி, நடுவுல கண்ணாடிக் குழாய். ஆரம்ப கால அம்பாசிடர் மாதிரி பிரிட்டிஷ் லூகாஸ் முறையில வந்த வண்டிகள்ல இருக்கும். இதுல ஒரு பெரிய பொறி இருக்கு. லூகாஸ் முறையில 35 ஆம்பியர்னு போட்டிருந்தா அது உருகுற அளவு. தொடர்ந்து தாங்குறது அதுல பாதிதான், சுமார் 17 ஆம்பியர். இப்போ கடையில கிடைக்கிற அமெரிக்க முறை கண்ணாடி ஃபியூஸ்ல 35-னா, தொடர்ந்து 35 தாங்கும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே கிளிப்ல உட்காரும். நம்பரை மட்டும் பார்த்து வாங்கினா, தெரியாமலே ரெண்டு மடங்கு ஃபியூஸ் போட்டுடுவீங்க.

2. பீங்கான் ஃபியூஸ். சின்னதா, ரெண்டு முனையும் கூம்பா, வெளிப்பக்கம் ஒரு உலோகப் பட்டை ஓடும். பிரீமியர் பத்மினி மாதிரி ஃபியட் வழி வண்டிகள்லயும் பழைய ஐரோப்பிய வண்டிகள்லயும் பார்க்கலாம்.

3. பிளேடு ஃபியூஸ். 1976-ல லிட்டல்ஃபியூஸ் கம்பெனி கொண்டுவந்தது. ரெண்டு தட்டையான கால், மேல கலர் பிளாஸ்டிக். சாதா சைஸ் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம், மினி சுமார் 11, மேக்ஸி சுமார் 29. 90-களுக்கு அப்புறம் வந்த கார்னா பெரும்பாலும் இதுதான்.

4. மெயின் ஃபியூஸ், ஃபியூசிபிள் லிங்க். பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கும். சிலதுல சதுர டப்பா மாதிரி, சிலதுல போல்ட் போட்டு இறுக்கினது, இன்னும் பழசுல ஒயர் மாதிரியே. ஒயர்தானேன்னு சாதா ஒயரை வெட்டி இணைச்சுடாதீங்க. அது ஒயர் வேஷத்துல இருக்கிற ஃபியூஸ். மொத்த வண்டிக்கும் கடைசிக் காவல் அதுதான்.

கலரை நம்பாதீங்க, நம்பரைப் படிங்க

பிளேடு ஃபியூஸ்ல சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. ஆனா பீங்கான் ஃபியூஸ்ல மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. சதுர டப்பா மெயின் ஃபியூஸ்ல பச்சை 40. "அண்ணே, நீலக் கலர் ஃபியூஸ் ஒண்ணு"ன்னு கேட்டா என்ன ஆகும்னு பாருங்க! எங்க அப்பாவும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருந்தாரு.

ரெண்டாவது படி: எது சரியான நம்பர்?

இப்போ உள்ள உட்கார்ந்திருக்கிற ஃபியூஸைப் பார்த்து அதே மாதிரி வாங்காதீங்க. பழைய கார்ல அது ஏற்கெனவே யாரோ தப்பா போட்டதா இருக்கலாம். பார்க்க வேண்டிய வரிசை இதுதான்:

1. ஃபியூஸ் பாக்ஸ் மூடி மேல இருக்கிற படம்.
2. வண்டியோட ஓனர்ஸ் மேனுவல். தொலைஞ்சிருந்தா, கம்பெனி இணையதளத்துல உங்க மாடல், வருஷத்துக்கு இருக்கான்னு தேடுங்க.
3. ஆர்.சி.யில இருக்கிற சேசிஸ் நம்பர். இதைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கடையில பார்ட் நம்பர் கேளுங்க. பழைய பார்ட் நம்பர் நின்னு போயிருந்தா "இதுக்குப் பதிலா வந்த புது நம்பர் என்ன?"ன்னு கண்டிப்பா கேளுங்க. பல சமயம் அதே பாகம் வேற நம்பர்ல இருக்கும். கேட்காம விட்டா "ஸ்டாக் இல்லை"ங்கிற பதிலோட திரும்பிடுவோம்.

மூணும் கிடைக்கலைன்னா, ஒயரோட தடிமனையும் லோடையும் பார்த்து முடிவு பண்ணணும். அது நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனோட வேலை. யூடியூப் பார்த்து நாமளே பண்ற வேலை இல்ல, என் சேனலையும் சேர்த்துதான் சொல்றேன்!

மூணாவது படி: எங்க வாங்குறது?

*புதுசாவே வாங்க வேண்டியது:* ஃபியூஸ், ஃபியூசிபிள் லிங்க், ரிலே. இதெல்லாம் பழசுல வாங்கவே கூடாது. பிளேடு ஃபியூஸ் காரைக்குடியிலேயே எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலயும் கிடைக்கும். பெயர் தெரிஞ்ச பிராண்டா, உடம்புல நம்பர் தெளிவா அச்சடிச்சதா வாங்குங்க.

ஆன்லைன்ல 100 ஃபியூஸ் கலந்த டப்பா ரொம்ப மலிவா வரும். வாங்கியிருந்தா ஒரு சின்ன சோதனை: 5 ஆம்பியரையும் 30 ஆம்பியரையும் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற உலோக இழை 30-ல தெளிவா தடிமனா இருக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா மொத்த டப்பாவையும் தூக்கிப் போடுங்க. தடிமன் வித்தியாசம் இருந்தா மட்டும் அசல்னு அர்த்தமில்ல. ஆனா வித்தியாசமே இல்லைன்னா அது போலின்னு உறுதியா சொல்லலாம்.

*பழசுல வாங்கலாம்:* ஃபியூஸ் பாக்ஸ், ரிலே சாக்கெட், கனெக்டர், மூடி. உற்பத்தி நின்னு போன மாடலுக்கு இதெல்லாம் புதுசா கிடைக்கிறது கஷ்டம். சென்னையில வேலை பார்க்கிறவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. புதுப் பாகத்துக்கு அண்ணா சாலை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழட்டின பாகத்துக்குப் புதுப்பேட்டை. போகும்போது பழைய பாகத்தையே கையில எடுத்துட்டுப் போங்க. முடியலைன்னா, முன்பக்கம், பின்பக்கம், பின் இருக்கிற பக்கம்னு மூணு போட்டோ, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுத்துக்கோங்க. பிளாஸ்டிக் உருகின தடம், பச்சை பூத்த செம்பு, தளர்ந்த கிளிப் இருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

*ரிலே வாங்கும்போது:* நாலு விஷயம் ஒத்துப்போகணும். வோல்டேஜ் (லாரிக்கான 24 வோல்ட் ரிலேயும் அதே உருவத்துல வரும், உங்களுக்கு வேண்டியது 12), ஆம்பியர், எத்தனை கால், கால்கள் இருக்கிற இடம். பொதுவான ரிலேயில 85, 86 காயிலுக்கு, 30-ல கரண்ட் வரும், 87-ல வெளிய போகும். அஞ்சாவது கால் 87ஏ இருந்தா, அது ரிலே ஆஃப்ல இருக்கும்போது இணைஞ்சிருக்கும். ஆனா சில பழைய வண்டிகள்ல கால் அமைப்பே வேற. பொருந்துதுன்னு அழுத்தித் தள்ளாதீங்க. பழைய ரிலே மேல வரைஞ்சிருக்கிற சின்னப் படத்தையும் புதுசுல இருக்கிற படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க.

ஃபியூஸ் கண்டுபிடிக்காத ஒரு கோளாறு

இது நிறைய பேருக்குத் தெரியாது. ஃபியூஸ் சரியா இருக்கும், போகவும் போகாது, ஆனா ஃபியூஸ் பாக்ஸ் மட்டும் உருகியிருக்கும். காரணம், தளர்ந்த அல்லது அரிச்ச கிளிப். அந்த இடத்துல தடை கூடி அங்க மட்டும் சூடாகும். மொத்தக் கரண்ட் கூடாததால ஃபியூஸுக்கு ஒண்ணும் தெரியாது.

1948-ல அடிக்கல் நாட்டி 1953-ல திறந்த சிக்ரி எங்க காரைக்குடியிலதான் இருக்கு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். உலோக அரிமானம் அவங்க முக்கியமான ஆராய்ச்சித் துறைகள்ல ஒண்ணு. அரிமானம்ங்கிறது ஒரு நிலையமே உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ற அளவுக்குப் பெரிய விஷயம். நம்ம கார் டெர்மினல்ல பூக்குற பச்சையை மட்டும் நாம துடைச்சுட்டுப் போயிடறோம். ஃபியூஸைக் கழட்டும்போது கால் கறுத்திருக்கா, கிளிப் இறுக்கமா பிடிக்குதான்னு கட்டாயம் பாருங்க. தளர்ந்திருந்தா ஃபியூஸை மாத்தி பிரயோஜனம் இல்ல, கிளிப்பையோ பாக்ஸையோதான் மாத்தணும்.

எங்க வீட்டு பில்

- ஃபியூஸ் 10: ரூ.180
- ரிலே 2: ரூ.460
- ஃபியூஸ் பாக்ஸ், பழசு: ரூ.900
- ஹெட்லைட் ஒயரிங்: ரூ.2,200
- பல்பு 2, பழையபடி 60/55: ரூ.500
- கூலி: ரூ.1,500

மொத்தம் ரூ.5,740. 15 ஆம்பியர் ஃபியூஸ் ஏன் போகுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டிருந்தா, பழைய பல்போட முடிஞ்சிருக்கும். இதுவும் எங்களுக்கு மலிவா முடிஞ்ச கதைதான்.

கார் எரிஞ்சிருந்தா இன்சூரன்ஸ் வந்திருக்குமா?

அன்னைக்கு ராத்திரி பாலிசியை எடுத்துப் பார்த்தேன். தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருந்தது. "பழைய காருக்கு எதுக்குப்பா முழு இன்சூரன்ஸ்?"னு அப்பா சொன்னாரு. தேர்டு பார்ட்டி சட்டப்படி கட்டாயம், ஆனா அதுல நம்ம கார் எரிஞ்சா ஒரு ரூபா வராது.

முழு பாலிசி எடுத்தா, சொந்த சேதப் பிரிவுல தீ, தானா தீப்பிடிக்கிறது ரெண்டும் வரும். ஆனா தேய்மானம், இயந்திர, மின் கோளாறு வராது. அதாவது கார் எரிஞ்சா கேட்கலாம், ஃபியூஸ் பாக்ஸ் உருகினதைக் கேட்க முடியாது. பிளாஸ்டிக் பாகத்துல 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு கட்டாயக் கழிவு ரூ.1,000. அஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஐ.டி.வி.யை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. அதனால பிரீமியத்தையும் ஐ.டி.வி.யையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்து முடிவெடுங்க. ஒயரிங்கை இஷ்டத்துக்கு மாத்தியிருந்தா கிளெய்ம் நேரத்துல கேள்வி வரும்ங்கிறதையும் மனசுல வச்சுக்கோங்க.

நான் பண்ணது ரெண்டு விஷயம். பாலிசியை மாத்தினேன். ஊர்ல நிக்கிற காருக்குன்னு மாசம் 500 ரூபா தனி ஆர்.டி. போட்டேன். வருஷத்துக்கு 6,000. இந்த மாதிரி பில்லு வந்தா சம்பளத்துலயோ கிரெடிட் கார்டுலயோ கை வைக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, படத்துல இருக்கிற நம்பரும் உள்ள இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. சாவியை எடுத்துட்டு, ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. ஏர்பேக்னு எழுதியிருக்கிறதைத் தொடாதீங்க.
2. மூடியை ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க.
3. உங்க கார்ல இருக்கிற ஒவ்வொரு அளவுக்கும் ரெண்டு அசல் ஃபியூஸ், ஃபியூஸ் புல்லர், 10 நம்பர் ஸ்பேனர், ஒரு டார்ச் கார்லேயே வைங்க.
4. ஒரே ஃபியூஸ் ரெண்டாவது தடவை போனா, மூணாவது ஃபியூஸ் போடாதீங்க. காரணத்தைத் தேடுங்க.

நாலாவது பாயின்ட் காருக்கு மட்டும் இல்ல. மாசக் கடைசியில கார்டு லிமிட் தீர்ந்து போகுது. உடனே பேங்க்ல இருந்து "லிமிட்டை ரெண்டு மடங்கு ஆக்கட்டுமா?"னு மெசேஜ் வருது. நாமளும் சந்தோஷமா ஓகே கொடுக்கிறோம். 15-ஐ எடுத்துட்டு 30 போடுறதும் இதுவும் ஒண்ணுதான். கொஞ்ச நாள் தொந்தரவு இல்லாம ஓடும். செலவு எங்க கூடுச்சுன்னு பார்க்காத வரைக்கும், உள்ள ஒயர் வெந்துட்டேதான் இருக்கும்.

இப்பல்லாம் கடையில அப்பா "நீலக் கலர் ஒண்ணு"ன்னு கேட்கிறதில்ல. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "15 ஆம்பியர், சாதா சைஸ்"னு கேட்கிறாரு. வாங்கினதும் வெளிச்சத்துல ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டுத்தான் காசு கொடுக்கிறாரு.

உங்க வீட்டுப் பழைய காரோட மூடியைத் திறந்து பார்த்தீங்களா? என்ன இருந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல, பழைய காரை வச்சுக்கிறதா விக்கிறதாங்கிற கணக்கைப் பார்க்கலாம்.